ஒரு கேப்டன் இறங்கினால் எத்தனை இருக்கை மாறும்?

ஒரு விமானியின் கடைசிப் பயணத்தை வெளியிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். தரையிறங்கிய விமானம் தன் இடத்துக்கு ஊர்ந்து வரும்போது இரண்டு தீயணைப்பு வண்டிகள் இருபக்கமும் நின்று தண்ணீரைப் பீய்ச்சியடித்து வளைவு போடும். பயணிகள் ஜன்னல் வழியே போனில் படம் எடுப்பார்கள். யாரோ மைக்கில் வாழ்த்துச் சொல்ல, கேபின் முழுக்கக் கைதட்டல். கதவு திறந்தால் வீட்டு ஆட்கள் கேக்கோடு நிற்பார்கள். மறுநாள் விடிந்தால் அவருக்கு 65 வயது. நேற்று வரை 300 பேரைக் கடல் தாண்டிக் கொண்டுபோனவருக்கு, உடம்பும் லைசென்ஸும் அப்படியே இருந்தாலும், இன்று ஒரு ஏர்லைன் விமானத்தில் துணை விமானியாகக்கூட உட்கார அனுமதி இல்லை.

விழா அவருக்கு. வேலை, நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவுக்கு.

அவர் அமெரிக்காவின் பெரிய ஏர்லைன் ஒன்றில், கடல் தாண்டும் பெரிய விமானமான போயிங் 777இன் கேப்டன் என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்துக்கு வெளியிலிருந்து யாரையும் கூட்டிவர மாட்டார்கள். ஏற்கெனவே அதைவிடச் சின்ன 737இல் கேப்டனாக இருக்கும் ஒருவர் 777க்கு மாறுவார். அவர் விட்ட 737 கேப்டன் இடத்துக்கு, இன்னொரு பெரிய விமானமான 787இல் துணை விமானியாக இருப்பவர் வருவார். அவர் இடத்துக்கு 737 துணை விமானி. அந்தக் கடைசி நாற்காலிக்குத்தான் புது ஆள். அந்தப் புது ஆளும் வானத்திலிருந்து குதிப்பதில்லை. பெரும்பாலும் ஒரு சிறிய பிராந்திய ஏர்லைனில் கேப்டனாக இருந்தவர். அவர் கிளம்பினால் அங்கே ஒரு துணை விமானி கேப்டனாக வேண்டும். அந்த இடத்துக்குப் பறக்கும் பள்ளி ஒன்றிலிருந்து ஒரு பயிற்றுநர் வருவார். அவர் விட்ட இடத்தில் நேற்று வரை மாணவராக இருந்தவர் பயிற்றுநராக நிற்பார்.

ஒருவர் வீட்டுக்குப் போனார், ஏழு பேர் இடம் மாறினார்கள். அதில் ஏர்லைன்களுக்குள் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் வகுப்பு, சிமுலேட்டர், தேர்வு, அப்புறம் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஒரு சோதனை கேப்டனின் மேற்பார்வையில் பறப்பது என்று வாரக்கணக்கில் ஆகும். அந்த வாரங்களில் பெரும்பகுதி அந்த விமானி நிறுவனத்துக்கு ஒரு டிக்கெட் வருமானம்கூடக் கொண்டுவருவதில்லை, சம்பளம் மட்டும் ஓடும். விமானிகள் பற்றாக்குறை என்று செய்தி வரும்போதெல்லாம் நாம் தலைகளை எண்ணுகிறோம். உண்மையில் பல நேரம் மாட்டிக்கொள்வது இந்தச் சங்கிலியில்தான். லைசென்ஸ் வைத்திருக்கும் ஆட்கள் நாட்டில் போதுமான அளவு இருக்கலாம். இன்று காலியான நாற்காலிக்கு வர வேண்டியவர் மூன்று படி கீழே சிமுலேட்டருக்காகக் காத்துக்கொண்டிருப்பார்.

இந்தச் சங்கிலி ஏன் இவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்றால், சீனியாரிட்டி. விமானிகள் உலகத்தில் இந்தச் சொல்லுக்கு இருக்கும் கனம் வேறெந்தத் தொழிலிலும் இல்லை என்றே சொல்வேன். நிறுவனத்தில் சேர்ந்த நாளில் ஒரு எண் கொடுப்பார்கள். எந்த விமானம் ஓட்டலாம், எந்த நகரத்தைத் தளமாக வைத்துக்கொள்ளலாம், இந்த மாதம் எந்தப் பயணங்கள், எந்தெந்த நாள் விடுமுறை, கிறிஸ்துமஸ் அன்று வீட்டிலா ஓட்டல் அறையிலா, ஆட்குறைப்பு வந்தால் யார் முதலில் வெளியே என்பதெல்லாம் அந்த எண்ணில் அடங்கியிருக்கிறது. திறமைக்கு அதில் இடமில்லை. விமானம் ஓட்டத் தகுதி உண்டா இல்லையா என்பதுதான் கேள்வி. தகுதி இருந்தால் மற்றதை வரிசை பார்த்துக்கொள்ளும். ஒரே நாளில் சேர்ந்த வகுப்பு நண்பர்களுக்குள் யார் முன்னே என்பதைச் சில நிறுவனங்கள் வயதை வைத்து முடிவு செய்கின்றன, சில நிறுவனங்கள் அரசு கொடுத்த சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி இலக்கங்களை வைத்து. அப்படி ஒரு இடம் முன்னே பின்னே ஆனதில், ஆட்குறைப்பு வந்தபோது ஒருவர் வேலையில் இருக்க அவர் பக்கத்து நாற்காலிக்காரர் வீட்டுக்குப் போக நேரலாம்.

அந்த எண்ணை வேறு நிறுவனத்துக்கு எடுத்துப் போகவும் முடியாது. ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 1991 ஜனவரியில் மூடியபோது, இருபது முப்பது வருடம் பறந்த கேப்டன்கள் வேறு ஏர்லைனில் வேலை கிடைத்தால் வரிசையின் கடைசியில், புதிதாக வந்தவர்களோடு புதிதாக நின்றார்கள். அதனால்தான் பெரிய ஏர்லைனில் நுழைந்த விமானி அதைவிட்டு நகர்வதில்லை. முன்னே இருப்பவர் ஓய்வு பெற வேண்டும், அல்லது நிறுவனம் வளர வேண்டும். இவருடைய எண் மேலே போக இந்த இரண்டைத் தவிர வேறு வழி கிடையாது.

இதிலிருந்து ஒரு கணக்கு வருகிறது, வெளியில் இருப்பவர்களுக்குச் சட்டென்று பிடிபடாதது. ஒரு வருடம் முன்பே வேலைக்குச் சேர்ந்த விமானிக்குக் கூடுதலாகக் கிடைப்பது முதல் வருடச் சம்பளம் அல்ல. கடைசி வருடச் சம்பளம். ஓய்வு நாள் எல்லோருக்கும் 65இல் நிலையாக நிற்பதால், முன்னே சேர்ந்தவருக்கு உச்சத்தில் ஒரு வருடம் அதிகம். அமெரிக்கப் பெரிய ஏர்லைன்களில் அகல உடல் விமானத்தின், அதாவது 777 மாதிரிப் பெரிய விமானத்தின், மூத்த கேப்டனுக்கு இன்று மணிக்கு 400 டாலருக்கு மேல் சம்பளம். 12 மாதம் தாமதமாக அழைப்பு வந்தது என்பதற்கு அந்த வயதில் யாரும் வருத்தப்படுவதில்லை. அந்த 12 மாதத்தின் விலை முப்பது வருடம் கழித்துத்தான் தெரியும்.

சரி, இந்த ஓய்வு வயது எங்கிருந்து வந்தது? கதை 1959இல் தொடங்குகிறது. ஜெட் விமானங்கள் வந்துகொண்டிருந்த நேரம். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் விமானிகளை 60 வயதில் வீட்டுக்கு அனுப்பப் பார்த்தது. சங்கம் எதிர்த்தது, நடுவர் தீர்ப்பு நிறுவனத்துக்கு எதிராகப் போனது. நிறுவனத்தின் தலைவர் சி.ஆர். ஸ்மித், அப்போது புதிதாக உருவாகியிருந்த விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ.யின் தலைவர் எல்வுட் கெஸாடாவுக்குக் கடிதம் எழுதினார். அந்த ஆண்டு முடிவதற்குள், 60 வயது தாண்டியவர் ஏர்லைன் விமானம் ஓட்டக் கூடாது என்று விதி வந்தது. 1960 மார்ச்சில் அமலுக்கும் வந்துவிட்டது. கெஸாடா பதவி விலகிய பிறகு அமெரிக்கன் ஏர்லைன்ஸின் இயக்குநர் குழுவில் சேர்ந்தார். பாதுகாப்புக்காகத்தான் விதி என்று சொல்லப்பட்டது. அதில் உண்மை துளியும் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் 60 என்ற எண் எந்த ஆய்வுக்கூடத்திலிருந்தும் பிறக்கவில்லை.

அந்த விதி கிட்டத்தட்ட 48 ஆண்டு நின்றது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ 2006 நவம்பரில் உச்ச வயதை 65 ஆக்கியது. அப்போது ஒரு நிபந்தனை: காக்பிட்டில் ஒருவர் 60 தாண்டியிருந்தால் இன்னொருவர் 60க்குக் கீழே இருக்க வேண்டும். அந்த நிபந்தனையை 2014இல் எடுத்துவிட்டார்கள். ஐகாவோ மாறிய பிறகு, வெளிநாட்டு விமானிகள் 60 தாண்டியும் அமெரிக்காவுக்குள் வந்திறங்க, உள்ளூர்க்காரர்கள் மட்டும் 60இல் வெளியேறுவது வேடிக்கையாகிப்போனது. 2007 டிசம்பர் 13 அன்று ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் கையெழுத்துப் போட, வயது 65 ஆனது.

அந்தக் கையெழுத்துக்குப் பின்தேதி கிடையாது. டிசம்பர் 10 அன்று 60 முடித்தவர் வெளியே போனவர்தான். மறுபடி வர வேண்டுமானால் புது ஆளாக, பட்டியலின் அடியில் சேரலாம். டிசம்பர் 20 அன்று 60 முடிக்க வேண்டியவருக்கு இன்னும் ஐந்து வருடம், அதுவும் பட்டியலின் உச்சியில். பத்து நாள் பிறந்தநாள் வித்தியாசம், உச்சத்தில் ஐந்து வருடச் சம்பள வித்தியாசம்.

விமானிகள் சங்கமான ஆல்பா பல ஆண்டுகளாக 60ஐத்தான் ஆதரித்தது. மூத்தவர் போனால்தானே இளையவர் மேலே வர முடியும். 2007இல் அது மனம் மாறியதற்குப் பின்னால் பென்ஷன் இருக்கிறது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு ஏர்லைன்கள் வரிசையாகத் திவாலாகி, யுஎஸ் ஏர்வேஸ், யுனைடெட், டெல்டா மூன்றும் விமானிகளின் பென்ஷன் திட்டங்களைக் கைகழுவின. அரசின் காப்புறுதி நிறுவனம் அவற்றை ஏற்றுக்கொண்டது, ஆனால் அது தரும் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. அந்த வரம்பு 65 வயதில் ஓய்வு பெறுபவருக்கு அதிகம், 60இல் போனால் குறைவு. விமானியை 60இல் போ என்று சட்டம் துரத்துகிறது, 60இல் வந்தாயா என்று பென்ஷன் அலுவலகம் தொகையைக் குறைத்துக்கொள்கிறது. சங்கத்துக்குள் காற்று திசை மாறியதில் ஆச்சரியமில்லை.

ஐந்து வருடம் நீட்டியதன் விலையைக் கீழே இருந்தவர்கள் கொடுத்தார்கள். 2007 முடிவிலிருந்து 2012 முடிவு வரை வயது காரணமாக யாருமே ஓய்வு பெற வேண்டிய கட்டாயம் இல்லை. அதே நேரத்தில் 2008 பொருளாதாரச் சரிவு. மேலே யாரும் நகரவில்லை, கீழே வேலையை விட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2000 வாக்கில் சேர்ந்த ஒரு விமானியை எடுத்துக்கொள்ளுங்கள். 2001க்குப் பிறகு ஃபர்லோ, அதாவது சம்பளமில்லாமல் வீட்டில் உட்காரவைப்பது. திரும்பி வந்தால் சம்பள வெட்டு. பிறகு பட்டியல் உறைந்து ஐந்து வருடம். சேர்ந்து பதினைந்து வருடம் ஆகியும் துணை விமானி இருக்கையிலேயே இருந்தவர்கள் உண்டு. அமெரிக்க விமானிகள் இதை இழந்த பத்தாண்டு என்றே சொல்கிறார்கள். அவர்களில் யாரும் மோசமான விமானி அல்ல. சேர்ந்த வருடம் மோசம்.

இந்தக் காலத்தில் இந்தத் தொழிலுக்கு வர யார் ஆசைப்படுவார்கள்? வரவில்லை. பயிற்சிக்கு லட்சம் டாலர் வரை கடன் வாங்கி, பிராந்திய ஏர்லைனில் ஆண்டுக்கு 20,000 டாலரை ஒட்டிய சம்பளத்தில் தொடங்க வேண்டும். முன்பு பெரிய ஏர்லைன்களுக்கு ஆள் கொடுத்துக்கொண்டிருந்த ராணுவமும் சுருங்கிவிட்டது. வியட்நாம் போர்க்காலத்தில் பயிற்சி பெற்ற பெரும்படை எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் ஏர்லைன்களுக்கு வந்து ஓய்வும் பெற்றுக்கொண்டிருந்தது. அந்த அளவுக்கு அடுத்த படை இல்லை. அமெரிக்க விமானப்படையில் பயிற்சி முடித்து விமானியின் சிறகுச் சின்னத்தைச் சட்டையில் குத்திய பிறகு 10 வருடம் கட்டாயச் சேவை. ஏர்லைன்கள் கூப்பிட ஆரம்பித்தால் அந்த 10 வருடம் முடியும் தேதியைப் பலரும் காலண்டரில் வட்டமிட்டு வைத்துக்கொள்கிறார்கள்.

இந்த நேரத்தில்தான் கோல்கன் ஏர் 3407. 2009 பிப்ரவரி 12 இரவு, நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ அருகே அந்தச் சிறிய பிராந்திய விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். விமானம் வேகம் இழந்து எச்சரிக்கை வந்தபோது கேப்டன் செய்யக் கூடாததைச் செய்தார், கட்டுப்பாட்டுக் கம்பை முன்னே தள்ளாமல் பின்னால் இழுத்தார் என்று விசாரணை சொன்னது. துணை விமானி முந்தின இரவு சியாட்டிலிலிருந்து நாட்டின் மறுகோடிக்குச் சரக்கு விமானத்தில் தொற்றிக்கொண்டு வந்து வேலையில் சேர்ந்தவர். களைப்பு, சொற்ப சம்பளம், பயிற்சிக் குறைபாடு எல்லாம் வெளியே வந்தன. இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடியதில் 2010இல் சட்டம் வந்தது. 2013 முதல் ஏர்லைனில் துணை விமானியாக உட்காரவும் 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்கு முன் 250 மணி நேரத்தில் வாய்ப்பு இருந்தது. ராணுவ விமானிக்கு 750, நான்கு வருட விமானவியல் பட்டம் இருந்தால் 1,000 என்று சலுகைகள் உண்டு.

வேடிக்கை என்னவென்றால், கோல்கன் விமானிகள் இருவருமே 1,500ஐ எப்போதோ தாண்டியவர்கள். கேப்டனுக்கு 3,300 மணி நேரத்துக்கு மேல், துணை விமானிக்கு 2,200க்கு மேல். இந்த விதி அன்றைக்கே இருந்திருந்தாலும் அந்த இருவரும் அந்தக் காக்பிட்டில்தான் இருந்திருப்பார்கள். விதியை எதிர்ப்பவர்கள் இதைத்தான் சுட்டிக்காட்டுகிறார்கள். ஆதரிப்பவர்களோ, விதிக்குப் பிறகு அமெரிக்கப் பயணிகள் விமானப் போக்குவரத்தில் வந்த நீண்ட பாதுகாப்பான காலத்தைக் காட்டுகிறார்கள். ஐரோப்பாவில் 200 மணி நேரத்தை ஒட்டிய அனுபவத்தோடு துணை விமானியாகிறார்கள், அங்கும் விமானங்கள் பத்திரமாகத்தான் பறக்கின்றன. எண்ணைவிட அந்த மணி நேரத்தில் என்ன கற்றார் என்பதுதான் முக்கியம் என்பது என் எண்ணம். ஆனால் விதியால் வந்த ஒரு பக்கவிளைவை மறுக்க முடியாது. ஆள் அரிதானதால் பிராந்திய ஏர்லைன்கள் கடைசியில் சம்பளத்தை ஏற்ற வேண்டி வந்தது.

அந்த 1,500ஐ எப்படிச் சேர்ப்பார்கள்? லைசென்ஸ் வாங்கியதும் பெரும்பாலானோர் அதே பறக்கும் பள்ளியில் பயிற்றுநர் ஆகிறார்கள். சின்ன ஒற்றை எஞ்சின் விமானம், பக்கத்தில் வியர்த்துக்கொண்டிருக்கும் மாணவர், நாளுக்கு நாலைந்து முறை ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி இறக்கி ஏற்றுவது. ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் 1.2, 0.9 என்று தசம மணி நேரம் ஏறும். மழை என்றால் ஏறாது. இப்படி ஒன்றரை, இரண்டு வருடம். ஆக, ஏர்லைன்கள் வேகமாக ஆள் எடுத்தால் முதலில் காலியாவது பயிற்றுநர் நாற்காலிகள். ஆள் அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் ஆளை உருவாக்குபவர்கள் போய்விடுகிறார்கள். ஏர்லைன்கள் நிறுத்தினால் தலைகீழ்: பள்ளியில் பயிற்றுநர்கள் தேங்கிப்போய், மாணவர் போதாமல், யாருக்கும் மணி நேரம் ஏறுவதில்லை.

2020இல் கொரோனா வந்து எல்லாவற்றையும் தரையில் வைத்தது. ஏப்ரலில் அமெரிக்க விமான நிலையச் சோதனைச் சாவடிகளைக் கடந்தவர்கள் முந்தைய ஆண்டில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அரசு சம்பள உதவி கொடுத்தது, அதை வாங்கிய நிறுவனங்கள் ஆட்குறைப்பு செய்யக் கூடாது என்று நிபந்தனை. தாங்களாகப் போவோரை அனுப்பத் தடை இல்லை. அதனால் 60ஐ நெருங்கியவர்களிடம், பாதிச் சம்பளம் மாதிரி ஏதோ தருகிறோம், மருத்துவக் காப்பீடும் தருகிறோம், இப்போதே கிளம்புங்கள் என்றார்கள். டெல்டாவில் மட்டும் ஏறக்குறைய 1,800 விமானிகள் போனார்கள். அன்று அது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. இரண்டே வருடத்தில் பயணிகள் திரும்பிவிட்டார்கள். போனவர்கள் எல்லோரும் பட்டியலின் உச்சியில் இருந்தவர்கள். முதலில் சொன்ன சங்கிலியை நினைத்துப் பாருங்கள். ஒருவருக்கே ஏழு நகர்வு.

ஹாங்காங்கின் கேத்தே பசிபிக் இன்னும் கசப்பான பாதையில் போனது. 2020 அக்டோபரில் கேத்தே டிராகனை மூடி, 5,900 பணியிடங்களை வெட்டி, மிச்சமிருந்த விமானிகளுக்குக் குறைந்த சம்பளத்தில் புது ஒப்பந்தம் நீட்டியது. பலர் விட்டுப் போனார்கள். 2023 கிறிஸ்துமஸ் நெரிசலில் பறக்க விமானிகள் போதவில்லை. 2024 பிப்ரவரி முடியும்வரை நாளுக்குச் சுமார் 12 விமானங்களை ரத்து செய்ய வேண்டியதாயிற்று.

அமெரிக்காவில் 2022 ஆள் எடுப்பின் திருவிழா. பெரிய ஏர்லைன்கள் அந்த ஒரே ஆண்டில் 13,000க்கு மேல் விமானிகளை எடுத்தன. 2023இலும் கிட்டத்தட்ட அதே வேகம். இவர்களில் பெரும்பகுதி பிராந்திய ஏர்லைன்களின் கேப்டன்கள். அங்கே ஒரு வித்தியாசமான முடக்கம் உண்டானது. துணை விமானிகள் இருக்கிறார்கள், கேப்டன் இல்லை. ஏர்லைனில் கேப்டனாக 1,000 மணி நேரம் துணை விமானியாகப் பறந்திருக்க வேண்டும் என்பது விதி. பக்கத்தில் உட்காரக் கேப்டன் இல்லாததால் அந்த ஆயிரமும் ஏறவில்லை. ஆயிரம் ஏறாததால் கேப்டன் கிடைக்கவில்லை. விமானங்கள் ஓரமாக நின்றன. ஸ்கைவெஸ்ட் என்ற பிராந்திய ஏர்லைன் 2022 மார்ச்சில், அரசு மானியத்தோடு சேவை செய்துவந்த 29 சிற்றூர்களை விட்டு விலகுவதாக அறிவித்தது. மூத்த கேப்டன் ஒருவர் லண்டன் வழித்தடத்திலிருந்து ஓய்வு பெற்றதற்கும், எங்கோ ஒரு சிறு நகரத்தின் விமான நிலையம் வெறிச்சோடியதற்கும் தொடர்பு உண்டு என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

சம்பளம் ஏறியது. அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்குச் சொந்தமான பிராந்திய நிறுவனங்கள் 2022 ஜூனில் புது துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் என்றன. டெல்டா 2023 மார்ச்சில் நான்கு வருடத்தில் 34 சதவீத உயர்வு கொடுத்து ஒப்பந்தம் போட, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள்.

கேப்டன் இடங்கள் காலியாகக் கிடந்தும் போக ஆள் வராத விநோதமும் அப்போது நடந்தது. 2023இல் யுனைடெட் அறிவித்த கேப்டன் இடங்களில் ஏறக்குறைய பாதிக்கு ஆள் வரவில்லை. காரணம் மறுபடியும் அந்த எண். பத்து வருட அனுபவமுள்ள துணை விமானி தன் இருக்கையில் மூத்தவர். மாத அட்டவணையில் நினைத்த நாள் விடுமுறை எடுக்கிறார். கேப்டனாகப் போனால் கேப்டன்களில் கடைசி. ரிசர்வில் இருக்க வேண்டும், அதாவது போன் அடித்தால் சில மணி நேரத்தில் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். சனி ஞாயிறு கிடையாது, பிள்ளையின் பிறந்தநாள் கிடையாது. கூடுதல் சம்பளம் வேண்டாம், நான் இங்கேயே இருக்கிறேன் என்றார்கள். மூத்தவர்கள் ஒதுங்கியதால், சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவர்களுக்குக் கேப்டன் வாய்ப்பு போனது. இழந்த பத்தாண்டுக்காரர்களுக்கு இதைப் பார்த்து எப்படி இருந்திருக்கும்!

2022இல் விளம்பரங்களைப் பார்த்துக் கடன் வாங்கிப் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள் 1,500 மணி நேரத்தை நெருங்கியது 2024 வாக்கில். அப்போது கதவு சாத்திக்கொண்டிருந்தது. 2024 ஜனவரி 5 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸின் 737 மேக்ஸில் நடுவானில் ஒரு கதவுப் பலகை பிய்த்துக்கொண்டு போனது. அதன்பின் போயிங்கின் உற்பத்தி மேல் கெடுபிடி, புது விமானங்கள் தாமதம். வராத விமானத்துக்கு விமானி எதற்கு? யுனைடெட் தன் விமானிகளைச் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டது. இன்னொரு பக்கம் பிராட் அண்ட் விட்னி எஞ்சின்களில் கோளாறு, ஏர்பஸ் விமானங்கள் எஞ்சின் இல்லாமல் நின்றன. அதில் அடிபட்ட ஸ்பிரிட் ஏர்லைன்ஸ், 2024இல் நூற்றுக்கணக்கான விமானிகளை ஃபர்லோவில் அனுப்பி, நவம்பரில் திவால் மனுவும் போட்டது. அந்த ஆண்டு பெரிய ஏர்லைன்கள் எடுத்த ஆட்கள், உச்ச ஆண்டில் பாதிகூட இல்லை.

விலை ஏறிய பயிரையே எல்லோரும் விதைத்தால் அறுவடை நாளில் என்ன ஆகும் என்பது விவசாயிக்குத் தெரியும். இங்கே விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையில் இரண்டு மூன்று வருடம். ஓய்வு பெறுவோர் எண்ணிக்கையை இருபது வருடம் முன்பே துல்லியமாகச் சொல்லிவிடலாம், எல்லோருடைய பிறந்த தேதியும் நிறுவனத்திடம் இருக்கிறது. ஆள் எடுப்பதையோ அடுத்த ஆறு மாதத்துக்குக்கூட யாராலும் சொல்ல முடிவதில்லை. ஒரு தீவிரவாதத் தாக்குதல், ஒரு வங்கி நெருக்கடி, ஒரு வைரஸ், சரியாக மாட்டாத ஒரு கதவு போதும்.

போயிங் ஆண்டுதோறும் அடுத்த 20 ஆண்டுக்கான விமானித் தேவையைக் கணித்து வெளியிடுகிறது. 2025இல் சொன்னது உலகம் முழுக்க 6,60,000 பேர். பறக்கும் பள்ளிகளின் விளம்பரத்தில் இந்த எண் பெரிய எழுத்தில் இருக்கும். எண் பொய் இல்லை. ஆனால் அது 20 ஆண்டின் மொத்தம், அதுவும் விமானம் விற்பவர் போட்ட கணக்கு. கடன் தவணை மாதாமாதம் வரும்.

இடையில் ஓய்வு வயதை 67 ஆக்கலாமே என்று பேச்சு. 2023 ஜூலையில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை அதை ஏற்றது, செனட் ஏற்கவில்லை, 2024 மே மாதம் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. ஜப்பான் 2015 முதலே உள்நாட்டில் 67 வரை அனுமதிக்கிறது. ஆஸ்திரேலியாவில் உச்ச வயதே கிடையாது. ஆனால் நாடு விட்டு நாடு பறக்க ஐகாவோவின் 65தான். அங்கேதான் சிக்கல். அமெரிக்கா மட்டும் தனியாக 67 ஆக்கினால், 65ஐத் தாண்டிய அந்த 777 கேப்டனால் டோக்கியோவுக்கும் லண்டனுக்கும் போக முடியாது. அவரை உள்நாட்டு 737க்கு மாற்ற வேண்டும். அவருக்கு மூப்பு அதிகம், அதனால் அவர் அங்கே போய் உட்கார்ந்தால் இருப்பவர் கீழே தள்ளப்படுவார். அவர் இன்னொருவரை. முதலில் பார்த்த அதே சங்கிலி, இந்த முறை தலைகீழாக, அதே சிமுலேட்டர்களை அடைத்துக்கொண்டு. ஐகாவோ ஒப்புக்கொண்டால் இந்தச் சிக்கல் தீரும். ஐயாட்டா, அதாவது ஏர்லைன்களின் உலகக் கூட்டமைப்பு, 2025இல் மொன்ட்ரியாலில் நடந்த ஐகாவோ பேரவையில் 67 கேட்டது. கிடைக்கவில்லை.

65 வரை எல்லோரும் போய்ச் சேர்கிறார்களா என்பது வேறு. 40 தாண்டிய ஏர்லைன் கேப்டன் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும், ஆண்டுக்கொரு ஈசிஜி. ரத்த அழுத்தப் பட்டையைக் கையில் கட்டும்போது இவ்வளவு பதற்றப்படும் ஆட்களை வேறெங்கும் பார்க்க முடியாது. அந்தத் தாளில் டாக்டர் கையெழுத்து விழாவிட்டால், தண்ணீர் வளைவும் இல்லை, கேக்கும் இல்லை. கடைசிப் பயணம் எது என்று தெரியாமலேயே முடிந்துபோயிருக்கும்.

இப்போதைய பெரிய ஏர்லைன் விமானிகளில் பலர் தங்களுக்கென்று ஒரு விரிதாள் வைத்திருக்கிறார்கள், அதற்கென ஆப்களும் இருக்கின்றன. தன் எண்ணைப் போட்டால் முன்னே இருப்பவர்களின் 65ஆவது பிறந்தநாள்களை வைத்து ஒவ்வொரு ஆண்டும் எத்தனையாவது இடம் என்று காட்டும். 2031இல் அகல உடல் விமானத்துக்குப் போகலாம், 2038இல் கேப்டன், 2052இல் நிறுவனத்தில் முதல் நூறு பேரில் ஒருவர். துணை விமானிகள் இரவு ஓட்டல் அறையில் இதைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். வளர்ச்சி விகிதம் எவ்வளவு என்று அதில் ஒரு கட்டம் உண்டு, அதை மட்டும் நாமே நிரப்ப வேண்டும். 2022இல் பலரும் அதில் 3 சதவீதம் என்று தாராளமாகப் போடலாம் போலிருந்தது. இப்போது பூஜ்யம் போட்டுப் பார்க்கிறார்கள், அதிலும் வருடங்கள் நகரத்தான் செய்கின்றன, கொஞ்சம் மெதுவாக.